கல் வீட்டில் வைஃபை: காசைக் கரியாக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் சொந்த ஊரில் இருந்துகொண்டே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்கள் இப்போது தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது நெட் சரியாக வரவில்லை என்றால் கடையிலும் கஸ்டமர் கேரிலும் கிடைக்கிற யோசனை ஒன்றே ஒன்றுதான்: பெரிய பிளானுக்கு மாறுங்கள். அந்த யோசனைக்குப் பணம் கட்டி, சம்பளத்தில் பிடித்தமும் வாங்கி, வேலையே போய்விடுமோ என்று பயந்து கிடந்தவள் நான். இன்னொருவர் அப்படித் தவிக்க வேண்டாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்தை ஒட்டிய கிராமம். நான் செய்வது இன்சூரன்ஸ் கிளைம் சரிபார்க்கும் வேலை. என் லேப்டாப்பில் எந்த ஃபைலும் கிடையாது. பெங்களூரில் இருக்கும் கம்பெனி கம்ப்யூட்டரின் திரை மட்டும் எனக்குத் தெரியும், நான் இங்கே தட்டுவது அங்கே போய் விழும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு அம்மா ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்காரவைக்க முடியவில்லை. அதனால் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டு வாங்கி வந்தேன். நெட் தடங்கலால் லாக்-இன் நேரம் குறைந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, தொடர்ந்து குறைந்தால் ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது நிபந்தனை. நெட் போனால் அப்பாவை விட்டுப் போக வேண்டியிருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

வீடு தாத்தா கட்டியது. இந்தப் பக்கம் செங்கல்லைவிடக் கருங்கல்தான் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த காலம் அது. முன் கட்டு முழுக்கக் கருங்கல் சுவர், ஒன்றரை அடி கனம். வெயில் காலத்தில் உள்ளே அத்தனை குளுமையாக இருக்கும். அதற்குப் பின்னால் அப்பா சேர்த்துக் கட்டிய கான்கிரீட் அறைதான் என் வேலை அறை. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர்கள் வாசலோடு ஒயரை நிறுத்தி, டிவி ஷோகேசுக்குள் டிவிக்குப் பின்னால் மோடத்தை வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இரும்பு பீரோ. எனக்கும் மோடத்துக்கும் நடுவில் இரண்டு கல் சுவர். மோடம் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீடு காட்டினார்கள், நன்றாகத்தான் இருந்தது. இணைப்பு வாங்கும் நாளில் நீங்கள் எந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்வீர்களோ அங்கே லேப்டாப்பைத் திறந்துவைத்து, அங்கே ஸ்பீடு காட்டச் சொல்லுங்கள். ஒயர் அந்த அறைவரை இழுக்க வேண்டும் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். ஆட்கள் ஏணியோடு வந்திருக்கும்போது அது சின்ன வேலை, பிறகு கூப்பிட்டால் தனிச் செலவு.

தொல்லை மெதுவாகத்தான் ஆரம்பித்தது. திரை உறையும். மவுஸ் நகரும், ஆனால் அழுத்தியது நடக்காது. திடீரென்று நான் தட்டிய பத்து எழுத்தும் மொத்தமாக வந்து விழும். மீட்டிங்கில் என் குரல் அறுந்து அறுந்து போகிறது என்பார்கள். சாயங்காலம் காற்று அடித்தால் முழுதாகவே போய்விடும். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடுவேன். அங்கே அப்பா டிவி பார்த்துக்கொண்டிருப்பார், என்னைப் பார்த்ததும் ஒரு கையால் ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் குறைப்பார். அவருக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கையும் நான் பிடுங்குகிறேனே என்று மனசு அறுக்கும். அந்த மாதம் சம்பளத்தில் 4,600 ரூபாய் பிடித்திருந்தார்கள். மேனேஜர் குரல் மாறியது. ராத்திரி தூக்கம் போனது.

கஸ்டமர் கேரில் கேட்டதற்கு, “மேடம், உங்க பிளான் 100 எம்பிபிஎஸ்தான். வொர்க் ஃப்ரம் ஹோமுக்கு 200 போட்டா பிரச்சினை இருக்காது” என்றார்கள். மாதம் 999 வீதம் ஆறு மாத முன்பணம், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 7,073 ரூபாய் கட்டினேன். ஒன்றுமே மாறவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வைஃபையில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை உண்டு. அவர்கள் கொடுத்த மோடத்தில் 2.4 மட்டும்தான், ஒயர் செருகும் லேன் போர்ட்டும் 100 எம்பிபிஎஸ் வகை. ஆக 200 எம்பிபிஎஸ் வாசல்வரை வந்தாலும் அந்த மோடத்தைத் தாண்டி எந்தக் கருவிக்கும் வரவே வழியில்லை. இது எனக்கு விற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பெரிய பிளானுக்கு மாறும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என் மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா, லேன் போர்ட் கிகாபிட்டா, அதாவது 1,000 எம்பிபிஎஸ் வகையா? இல்லை என்றால் முதலில் மோடத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். இன்னொன்று, ஒரு நல்ல வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் நிலையாக இருந்தாலே போதும். என்னுடையது போன்ற தூரத்துத் திரை வேலைக்கு அதைவிடவும் குறைவே போதும். நமக்கு வேண்டியது அறுந்துபோகாத இணைப்பு. அதை ஸ்பீடு எண் காட்டவே காட்டாது.

அடுத்து கடையில் கேட்டேன். வைஃபை எக்ஸ்டெண்டர் என்று ஒன்று கொடுத்தார்கள், 1,799 ரூபாய். “சிக்னல் வராத ரூம்ல மாட்டிடுங்க, போதும்” என்றார் கடைக்காரர். மாட்டியதும் போனில் வைஃபை கோடு முழுசாக நின்றது. அம்மா, “பாப்பா, இப்ப சரியாயிடுச்சா?” என்று சந்தோஷமாகக் கேட்டார். ஆனால் வேலை முன்பைவிட மோசமாகத் தடுக்கியது. எக்ஸ்டெண்டர் தானாக நெட்டை உண்டாக்குவதில்லை, தனக்கு வருகிற சிக்னலைத்தான் திருப்பிச் சொல்கிறது. சிக்னல் செத்த அறையில் வைத்தால் செத்த சிக்னலைச் சத்தமாகச் சொல்லும். மோடத்துக்கும் அறைக்கும் நடுவில், சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் வைத்தால்தான் கொஞ்சமாவது பயன். அதிலும் ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே பேசும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும், தாமதமும் கூடும். செங்கல் சுவர் வீடுகளில் சில பேருக்கு இது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஒன்றரை அடிக் கருங்கல்லுக்கு இது ஆகாது. போனில் தெரியும் கோடுகள் உங்களுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் உள்ள தூரத்தைத்தான் சொல்லும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அல்ல.

வழி காட்டியது ஓசூரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் பெரியம்மா மகன்தான். போனில் புலம்பினேன். “அக்கா, காசு செலவு பண்றத நிறுத்து. முதல்ல கோளாறு வீட்டுக்குள்ளயா வெளியயான்னு பாரு” என்றான். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவன் சொன்ன சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்பு ஜன்னலை இரண்டு முறை திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒன்றில் ஆங்கிலத்தில் பிங் (ping) என்று அடித்து, இடம் விட்டு மோடத்தின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 என்று இருக்கும், மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பார்க்கலாம். இன்னொன்றில் பிங், இடம், 8.8.8.8. இது கூகுளின் முகவரி. இரண்டிலும் கடைசியில் இடம் விட்டு ஒரு சிறு கோடும் ஆங்கிலச் சின்ன எழுத்து டி-யும் (-t) சேர்த்தால் நாம் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியும், அனுப்பிய செய்தி எத்தனை மில்லிசெகண்டில் திரும்பி வந்தது என்று சொல்லும்.

மோடத்துக்குப் போகும் ஜன்னலிலேயே எண்கள் தாவினால் கோளாறு உங்கள் வைஃபை. மோடம் ஜன்னல் அமைதியாக ஓட, கூகுள் ஜன்னல் மட்டும் தாவினாலோ, நேரம் கடந்தது (Request timed out) என்று வரி வந்தாலோ கோளாறு வெளி லைனில். என் திரையில் மோடம் ஜன்னல் 3, 4 என்று போய், திடீரென்று 380, பிறகு ஒரு வரி காணாமல் போய், மறுபடி 5 என்று ஆடியது. பிறகு லேப்டாப்பை எடுத்துப்போய், மோடத்தோடு வந்த சின்ன லேன் ஒயரால் நேராக மோடத்தில் செருகிப் பார்த்தேன். மோடம் ஜன்னல் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே, அசையவே இல்லை. ஆனால் சாயங்காலம் காற்று எழுந்ததும் கூகுள் ஜன்னலில் வரிகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஆக கோளாறு ஒன்றல்ல, இரண்டு. இவ்வளவு நாள் ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. அடைத்த பைப்பை விட்டுவிட்டுப் போர்வெல்லுக்குப் பெரிய மோட்டார் மாட்டியது போலத்தான் நான் கட்டிய 7,073 ரூபாயும். அந்த ராத்திரி கோளாறு எதுவும் தீரவில்லை, ஆனால் நிம்மதியாகத் தூங்கினேன். என்ன செய்ய வேண்டும் என்றாவது தெரிந்துவிட்டதே.

முதலில் வெளி லைன். பிரவுசரில் அதே மோடம் முகவரியை அடித்து மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனால் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், அதில் ஆர்எக்ஸ் என்பது வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவு. மைனஸில்தான் காட்டும். பொதுவாக மைனஸ் 27ஐத் தாண்டி 28, 29 என்று போனால் மோடம் தடுமாறும், மைனஸ் 25க்குள் இருப்பது நல்லது. எனக்கு மைனஸ் 28க்குப் பக்கத்தில் இருந்தது. “நெட் ஸ்லோ” என்று புகார் சொன்னபோதெல்லாம் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னவர்கள், “ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 28 காட்டுது” என்று சொன்னதும் லைன் பார்க்கிற தம்பியை அனுப்பினார்கள். வந்த பையன் நல்ல பிள்ளை. பவர் மீட்டரைச் செருகிப் பார்த்தவன், ஒயரைத் தொட்டுக்கொண்டே தெருவில் நடந்தான். இரண்டாவது கம்பத்தில் புளியமரக் கிளை ஒயரை அழுத்திக்கொண்டிருந்தது, அங்கே ஒயர் நறுக்கென்று மடிந்திருந்தது. ஃபைபருக்குள் இருப்பது கண்ணாடி இழை. வளைவு இறுகினால் ஒளி அந்த இடத்தில் வெளியே கசியும், காற்றில் கிளை ஆடும்போதெல்லாம் இன்னும் கசியும். பக்கத்து ஜாயின்ட் பெட்டிக்குள்ளும் தண்ணீர் இறங்கியிருந்தது. மடிந்த பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாக ஜாயின்ட் போட்டான். மைனஸ் 21க்கு வந்தது. “அக்கா, இந்த நம்பர போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. அடுத்த வாட்டி ஏறுச்சுன்னா இத காட்டுங்க” என்றான். நல்ல யோசனை. நீங்களும் லைன் நன்றாக இருக்கும் நாளிலேயே அந்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: ஃபைபர் ஒயரைக் கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

அப்புறம் வீட்டுக்குள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச செயலிகள் கிடைக்கும். அதுவும் மைனஸ் எண்தான் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை, மீட்டிங் பேசுவதற்கு மைனஸ் 67க்குள் இருக்க வேண்டும், மைனஸ் 80 என்றால் இருந்தும் பயனில்லை. பத்து எண் இறங்கினால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். மோடத்தை ஷோகேசிலிருந்து எடுத்துக் கூடத்துச் சுவரில் உயரமாக மாட்டியதிலேயே கூடத்திலும் சமையலறையிலும் நன்றாக ஏறியது. இது செலவில்லாத வைத்தியம், எல்லோரும் முதலில் செய்யலாம். என் அறையில் மைனஸ் 82 இருந்தது 79 ஆனது, அவ்வளவே. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் சுவரைத் துளைப்பதில் 2.4ஐவிடப் பலவீனம். மெஷ் என்று, இரண்டு மூன்று ரூட்டர் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்ய 6,000, 8,000 ரூபாய்க்கு வரும் செட்டும் நடுவில் கல் சுவர் இருந்தால் ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று சரியாகப் பேசாது. கல் வீட்டுக்கு நம்பகமான வழி லேன் ஒயர்.

எலக்ட்ரீஷியன் மாமா கருங்கல்லில் ஓட்டை போட முதலில் மறுத்துவிட்டார், டிரில் பிட் போகும், கல்லும் விண்டுபோகலாம் என்றார். ஓட்டையே வேண்டாம் என்று வெண்டிலேட்டர் வழியாக வெளியே எடுத்து, சன்ஷேடுக்கு அடியிலேயே கொண்டுபோய், பின்னறை ஜன்னல் சட்டத்தின் மூலையில் உள்ளே விட்டோம். வெளியே ஓடும் பகுதி முழுக்க பிவிசி பைப்புக்குள். அணிலுக்கும் வெயிலுக்கும் அது அவசியம். ஒயர் வாங்கும்போது கேட் 6 (Cat 6) வகை, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த பல ஒயர்களில் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்புப் பூச்சு மட்டும். கடையிலேயே ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். சுரண்டிய இடம் வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், வாங்காதீர்கள். வளைத்து வளைத்து ஒருநாள் உடைந்துவிடும். ஒரே இழுப்பில் 100 மீட்டர்வரை லேன் ஒயர் தாங்கும், எந்த வீட்டுக்கும் அது தாராளம். முனையில் கிளிப் அடித்த பிறகு எட்டு இழையும் டெஸ்டரில் எரிகிறதா பார்க்கச் சொல்லுங்கள். நான்கு இழை மட்டும் சரியாக இருந்தாலும் நெட் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

லேப்டாப்புக்கு நேராக ஒயர். அதே ஒயரில் பின்னறையில் இரண்டு அலைவரிசையும் உள்ள ஒரு ரூட்டரையும் வைத்தேன், போனுக்கும் அம்மா அறைக்கும் வைஃபை வேண்டுமே. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டாவது ரூட்டரை அப்படியே செருகினால் அது தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கும், கம்பெனி கம்ப்யூட்டரோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் சில நேரம் அதில் முரண்டு பிடிக்கும். செட்டிங்ஸில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றிவிட வேண்டும், அப்போது அது மோடத்தின் நெட்வொர்க்கையே வைஃபையாகத் தரும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன்னறையில் உள்ளதையே கொடுத்தால் போன் நடக்க நடக்கத் தானாக மாறிக்கொள்ளும். 2.4ல் இரண்டு கருவிக்கும் வேறு வேறு சேனல் கொடுங்கள். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை. ஒயர், பைப், ரூட்டர், கூலி எல்லாம் சேர்த்து 3,700 ரூபாய்க்குள் முடிந்தது. பிளானுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் போனது 8,872. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து அன்றைக்கு அழுதேவிட்டேன். பிளான் முடிந்ததும் 100க்கே திரும்பினேன், குறை எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் மதியத்தில் ஒரு நேரம் மட்டும் குரல் அறுந்தது. அண்ணன் குடும்பம் வந்திருந்த வாரம் அது. கல்யாண வீடியோக்கள் அவர்கள் போனிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அப்லோடு முழுதும் நிரம்பிவிட்டால் நம் குரல் வரிசையில் காத்து நிற்கும். பேக்கப்பை ராத்திரிக்கு வைக்கச் சொன்னேன், தீர்ந்தது.

கரண்ட் விஷயம் தனி. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் பகல் முழுக்க வராது, கோடை மழையில் இடி இடித்தால் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போதும், நான் வாங்கியது 1,300 ரூபாய். வாங்கும் முன் மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட் என்றும் எத்தனை ஆம்பியர் என்றும் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், யுபிஎஸ் அதே வோல்ட்டும் அதற்குக் குறையாத ஆம்பியரும் தர வேண்டும். பின்னறை ரூட்டரையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆனால் ஆபரேட்டர் வைத்திருக்கும் கருவிக்கும் கரண்ட் போனால் உங்கள் யுபிஎஸ் இருந்தும் நெட் இருக்காது. அதற்கு வேறு கம்பெனி சிம் ஒன்றில் டேட்டா வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட யுஎஸ்பி ஒயரில் போனை லேப்டாப்போடு இணைத்துக்கொள்வது நிலையாக இருக்கிறது, போனும் சார்ஜ் ஏறும். இடி மின்னல் வந்தால் அடாப்டர்களைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுவது வழக்கமாக்கிக்கொண்டோம்.

புகாரைப் பொறுத்தவரை, போனில் பேசினால் புகார் பதிந்ததற்கான டாக்கெட் எண் வாங்காமல் வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012ல் கொண்டுவந்த விதிப்படி புகார் தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் இல்லை. டாக்கெட் எண் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும். என் மேனேஜருக்கும் நான் அனுப்பியது டாக்கெட் எண்ணும் பிங் ஜன்னலின் படங்களும்தான். கோளாறு என் அலட்சியத்தால் வந்ததல்ல என்று அவருக்குப் புரிந்தது. பிடித்த பணம் வரவில்லை, ஆபீசுக்குத் திரும்பச் சொல்லும் பேச்சு நின்றது.

புதிதாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், கூரை கான்கிரீட் போடுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி வாசலிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் லேன் ஒயருக்கென்று ஒரு அங்குல பைப் தனியாகப் போடச் சொல்லுங்கள். கரண்ட் ஒயர் பைப்பிலேயே விட்டுவிடலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள், பிறகு ஒயர் இழுக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்காது.